'எனக்குத் தெரியாது' என்று சொல்வதன் விலை

(சென்னையில் ஐ.டி. ஊழியர்களும் கல்லூரி மாணவர்களும் சேர்ந்து நடத்தும் வாசிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் இன்று பேசப்போவது அஜைல் பற்றி. கூட்ட அறிவிப்பைப் பார்த்துவிட்டு இரண்டு மூன்று பேர் கேட்டார்கள்: "அது கம்பெனிக்காரங்க நடத்துற ட்ரெய்னிங் விஷயமாச்சே தோழர், அதுக்கும் சாதி ஒழிப்புக்கும் என்ன சம்பந்தம்?" நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. முனைவர் பட்ட ஆய்வுக்கு வருவதற்கு முன் ஆறு ஆண்டுகள் மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்த்தேன். முதலில் டெஸ்டர், பிறகு ஸ்க்ரம் மாஸ்டர். குழுவின் அன்றாட வேலைமுறை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பதும், அதை மேம்படுத்த உதவுவதும்தான் ஸ்க்ரம் மாஸ்டரின் வேலை. பெயரில் 'மாஸ்டர்' இருந்தாலும் யாருக்கும் உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. இப்போது என் ஆய்வும் அப்படிப்பட்ட குழுக்களைப் பற்றியதுதான்.

ஐ.டி.க்கு வெளியே இருக்கும் தோழர்களுக்காகக் கொஞ்சம் வரலாறு. ஒரு காலத்தில் மென்பொருளைக் கட்டடம் கட்டுவதுபோலக் கட்டினார்கள். தேவைகளை எல்லாம் முதலிலேயே எழுதி வாங்குவது, பிறகு வடிவமைப்பு, பிறகு நிரல் எழுதுவது, கடைசியில் சோதனை. ஒன்றரை ஆண்டு கழித்து வாடிக்கையாளரிடம் காட்டினால் "நான் கேட்டது இது இல்லையே" என்பார். இந்த முறை சரிவராது என்று பலரும் தனித்தனியாக மாற்று வழிகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற இடத்தில் 17 பேர் கூடி, தங்களுக்குள் பொதுவாக இருந்ததை ஓர் அறிக்கையாக எழுதினார்கள். அதுதான் அஜைல் அறிக்கை. நான்கு விழுமியங்கள், பன்னிரண்டு கொள்கைகள். எழுதிய 17 பேரும் ஆண்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த அறிக்கையின் சாரம் எளிமையானது. வேலையைச் செய்கிறவர்களே வேலையை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கட்டும். சிறிது சிறிதாகச் செய்து, அடிக்கடி காட்டி, அடிக்கடி திருத்திக்கொள்ளட்டும். குறிப்பிட்ட இடைவெளியில் குழு உட்கார்ந்து, நாம் எப்படி வேலை செய்கிறோம் என்று தன்னைத்தானே பார்த்து மாற்றிக்கொள்ளட்டும். இதன் வேர்களில் ஒன்று ஜப்பானின் டொயோட்டா ஆலைகளில் இருக்கிறது. அங்கே தொழிலாளி ஒரு குறையைக் கண்டால் தலைக்கு மேலே தொங்கும் கயிற்றை இழுக்கலாம். விளக்கு எரியும், மேற்பார்வையாளர் ஓடி வருவார், உரிய நேரத்தில் சரியாகாவிட்டால் உற்பத்தி வரிசையே நிற்கும். 'ஆண்டன்' என்று அந்த ஏற்பாட்டைச் சொல்வார்கள். வரிசையில் நிற்கும் கடைசித் தொழிலாளிக்கும் ஆலையை நிறுத்தும் உரிமை உண்டு என்பது அதன் பொருள்.

கேட்பதற்கு எவ்வளவு ஜனநாயகமாக இருக்கிறது! நம் ஓ.எம்.ஆர். அலுவலகங்களில் இது எப்படி நடக்கிறது?

நான் பார்த்தவரை, அஜைல் குழுவின் உயிர் மூன்று வாக்கியங்களில் இருக்கிறது. ஒன்று, "எனக்குத் தெரியாது." இரண்டு, "இது தவறு." மூன்று, "இந்தத் தேதிக்கு முடியாது." தினமும் காலையில் பதினைந்து நிமிடம் நடக்கும் ஸ்டேண்ட்-அப், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நடக்கும் திட்டமிடல், நிரலைச் சக ஊழியர் படித்துப் பார்க்கும் கோட் ரிவ்யூ, குழு தன்னையே பரிசீலிக்கும் ரெட்ரோ ஆகிய அத்தனை நடைமுறைகளும் இந்த மூன்று வாக்கியங்களை வெளியே கொண்டுவருவதற்காக உண்டானவை. யாராவது ஒருவர் வாயில் இவை அடைபட்டுவிட்டால் அந்தக் குழு நடத்துவது சடங்கு.

மேலாண்மை ஆய்வாளர்களும் இதைக் கண்டிருக்கிறார்கள். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தார். சிறந்த குழுக்கள் குறைவாகத் தவறு செய்யும் என்று எதிர்பார்த்துப் போனவருக்குக் கிடைத்தது தலைகீழான முடிவு. சிறந்த குழுக்களில் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அவர்கள் தவறுகளை மறைக்காமல் பேசினார்கள் என்பதே அதற்கு அவர் கண்ட விளக்கம். 1999இல் அவர் இதை 'உளவியல் பாதுகாப்பு' என்ற கருத்தாக விரித்து எழுதினார். பின்னாளில் கூகுள் நிறுவனம் தன் 180 குழுக்களை ஆராய்ந்தபோதும், நல்ல குழுவுக்கு முதல் தேவை இதுதான் என்ற முடிவுக்கே வந்தது. இன்று எல்லா நிறுவனங்களின் பயிற்சிகளிலும் இந்தச் சொல் வந்துவிட்டது.

ஆனால் யாருக்குப் பாதுகாப்பு? இந்தக் கேள்வி அந்தப் பயிற்சிகளில் வருவதில்லை. "எனக்குத் தெரியாது" என்ற ஒரே வாக்கியம் இரண்டு வாய்களிலிருந்து வரும்போது இரண்டு விலை ஆகிறது. அந்த விலையை நம் நாட்டில் நிர்ணயிப்பவற்றில் முதன்மையானது சாதி. நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான். குழுவின் அன்றாட நடைமுறையை மேம்படுத்துவது என்றால், இந்த மூன்று வாக்கியங்களின் விலையை எல்லோருக்கும் ஒன்றாக்குவது.

நான் அருகிலிருந்து பார்த்த ஒரு குழுவைச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம். பணப் பரிமாற்றம் சார்ந்த ஒரு செயலி. குழுவில் ஒன்பது பேர். ஒரே மாதத்தில் இரண்டு புதியவர்கள் சேர்ந்தார்கள். ஒருவர் நகரத்தில் படித்த, தந்தையும் ஐ.டி.யில் இருந்த இளைஞர். இன்னொருவர் வட மாவட்டத்துச் சேரியிலிருந்து வந்த முதல் தலைமுறைப் பட்டதாரிப் பெண், டெஸ்டர். அந்த இளைஞர் ஸ்டேண்ட்-அப்பில் "இந்த மாட்யூல் எனக்குச் சுத்தமா புரியல" என்றார். லீட் சிரித்துக்கொண்டே "கேட்கிறது நல்லது, மதியம் உட்காருவோம்" என்றார். அடுத்த வாரம் அந்தப் பெண் கிட்டத்தட்ட அதே வாக்கியத்தைச் சொன்னார். லீட் கேட்டது: "காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தரலையா? எந்தக் காலேஜ்?" அவ்வளவுதான். யாரும் சாதிப் பெயரைச் சொல்லவில்லை, யாரும் குரலை உயர்த்தவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பெண் ஸ்டேண்ட்-அப்பில் "நோ பிளாக்கர்ஸ்" என்பதைத் தவிர வேறு எதுவும் சொன்னதில்லை.

நான்கு மாதம் கழித்து ஒரு ரிலீஸ். பணம் திரும்பச் செலுத்தும் இடத்தில் ஒரு பிழை இருப்பதை அந்தப் பெண் கண்டுபிடித்திருந்தார். கூட்டத்தில் சொல்லவில்லை. டிக்கெட்டில் எழுதினார். மூன்று முறை எழுதினார். "லோ ப்ரையாரிட்டி" என்று மூட்டை கட்டி ஓரமாக வைத்துவிட்டார்கள். ரிலீஸ் ஆன அன்று இரவு அதே இடத்தில் உடைந்தது. மறுநாள் காரணம் தேடும் கூட்டத்தில் முதல் கேள்வியே "டெஸ்டிங்கில் எப்படி இதை விட்டீங்க?"

சிலர் கேட்கலாம்: "இது சாதியா? புதியவர், பெண், டெஸ்டர், ஆங்கிலம் தடுமாறுகிறவர் என்பதாலும் இருக்கலாமே?" இருக்கலாம். ஆனால் நம் சமூகத்தில் இவை தனித்தனிப் பெட்டிகளில் வருவதில்லை. சாதிதான் எந்த ஊர், எந்தப் பள்ளி, எந்தக் கல்லூரி, எந்த ஆங்கிலம் என்று முன்கூட்டியே பிரித்துக் கொடுத்திருக்கிறது. பிறகு அலுவலகம் அதே கல்லூரியையும் அதே ஆங்கிலத்தையும் 'தகுதி' என்று கணக்கெடுக்கிறது. இந்திய மென்பொருள் துறை தன்னைத் தகுதியின் கோட்டையாகச் சொல்லிக்கொண்டாலும் அதன் சமூக அடித்தளம் பெரும்பாலும் நகர்ப்புற, நடுத்தர வர்க்க, உயர்த்தப்பட்ட சாதியினர்தான் என்று கேரல் உபாத்யா 2007இலேயே எழுதினார். சாதிச் சலுகை எப்படித் தகுதியாக வேடம் மாறுகிறது என்பதைச் சென்னை ஐ.ஐ.டி.யை வைத்தே அஜந்தா சுப்ரமணியன் 2019இல் ஒரு முழுப் புத்தகமாக எழுதியிருக்கிறார். சுக்தேவ் தோரட்டும் பால் ஆட்வெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் அழைப்பு வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது.

தமிழ்நாட்டில் பெயரை வைத்துச் சாதி கண்டுபிடிப்பது கடினம். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னதன் பலனை இன்றும் நாம் அனுபவிக்கிறோம். அதனால் இங்கே வேறு வழிகளில் தேடுகிறார்கள். "சொந்த ஊர் எது? ஊர்ல எந்தப் பக்கம்?" "கவுன்சிலிங்ல என்ன கட்-ஆஃப்?" "வீட்ல நான்-வெஜ் சாப்பிடுவீங்களா?" நட்பாகத் தட்டுவதுபோல முதுகைத் தடவி, சட்டைக்குள் நூல் இருக்கிறதா என்று பார்க்கும் கைகளைப் பற்றியும் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

அமெரிக்காவுக்குப் போனாலும் இது விடவில்லை. 2020 ஜூனில் கலிபோர்னியா மாநில அரசின் குடிமை உரிமைத் துறை, சிஸ்கோ நிறுவனத்தின் மீதும் அங்கிருந்த இரண்டு மேற்பார்வையாளர்கள் மீதும் சாதிப் பாகுபாட்டு வழக்கு தொடுத்தது. அந்த இருவர் மீதான வழக்கை 2023இல் அதே துறை திரும்பப் பெற்றது, நிறுவனத்தின் மீதான வழக்கு தொடர்ந்தது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. எது நிரூபணமாகும் என்பது நீதிமன்றத்தின் வேலை. நான் கவனிக்கச் சொல்வது புகாரில் சொல்லப்பட்ட விஷயங்களை. அந்தத் தலித் பொறியாளர் ஐ.ஐ.டி.யில் இட ஒதுக்கீட்டில் சேர்ந்தவர் என்பது சக ஊழியர்களிடம் பேசப்பட்டது, அவர் அதை எதிர்த்துப் புகார் கொடுத்த பிறகு பொறுப்புகள் குறைக்கப்பட்டன, குழுவில் தனிமைப்படுத்தப்பட்டார். பாருங்கள், எல்லாமே குழுவின் அன்றாட நடைமுறைகள். யாருக்கு எந்த வேலை, யாரை எந்தக் கூட்டத்துக்கு அழைப்பது, யார் பேச்சை நம்புவது. சாதி இங்கே செயல்படுவது ஸ்ப்ரின்ட் பலகையில்.

அண்ணல் அம்பேத்கர் 1936இல் லாகூர் மாநாட்டுக்காக எழுதி, பேச விடாமல் தடுக்கப்பட்ட 'சாதியை அழித்தொழித்தல்' உரையில் சாதியை வேலைப் பிரிவினை என்று நியாயப்படுத்துகிறவர்களுக்குப் பதில் சொல்கிறார். சாதி வேலைகளை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரிக்கிறது. பிரித்து ஒருவர் மேல் ஒருவராக அடுக்கியும் வைக்கிறது என்கிறார். நம் அலுவலகங்களைப் பாருங்கள். ஆர்க்கிடெக்ட், டெவலப்பர், டெஸ்டர், இரவு நேர சப்போர்ட். நிரந்தர ஊழியர், ஒப்பந்த ஊழியர். ஆன்சைட், ஆஃப்ஷோர். ஒவ்வொரு படியில் இருப்பவரும் தனக்குக் கீழே ஒருவர் இருப்பதில் ஆறுதல் அடைகிறார். எந்தப் படியில் எந்தச் சாதியினர் எவ்வளவு பேர் என்ற கணக்கை நிறுவனங்கள் பொதுவாக வெளியிடுவதில்லை, அதனால் நான் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லமாட்டேன். ஆனால் ஏணிப்படிக்குப் பழகிய மனங்களுக்கு இந்த ஏணி புதிதாகத் தெரிவதில்லை. அதனால்தான் யாரும் கேள்வி கேட்பதில்லை.

இதே உரையில் ஜனநாயகத்தை அவர் வெறும் ஆட்சிமுறையாகப் பார்க்கவில்லை. அது முதன்மையாகக் கூடி வாழும் முறை, அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ளும் முறை என்கிறார். அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு நடைமுறையாகப் பார்ப்போம்.

முதலில் ஸ்டேண்ட்-அப். இது குழு உறுப்பினர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கான பதினைந்து நிமிடம். நம் ஊரில் இது வருகைப் பதிவேடு. எல்லா முகங்களும் மேனேஜரைப் பார்த்தபடி இருக்கும். "நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், என்ன தடை" என்று ஒவ்வொருவராக ஒப்பிப்பார்கள். இந்த மூன்று கேள்விகளை ஸ்க்ரம் வழிகாட்டியே 2020ஆம் ஆண்டுப் பதிப்பில் நீக்கிவிட்டது, நாம்தான் விடவில்லை. என்ன செய்யலாம்? ஆளை விட்டுவிட்டு வேலையைப் பற்றிப் பேசுங்கள். பலகையில் முடிவுக்கு நெருங்கிய கார்டில் தொடங்கி, ஒவ்வொரு கார்டாக "இது நகர யாருடைய உதவி வேண்டும்?" என்று கேளுங்கள். அப்போது தடை என்பது கார்டின் தடையாகிறது, ஆளின் குறையாவதில்லை. கூட்டத்தை நடத்துபவர் நாளுக்கு ஒருவராக மாறட்டும். முக்கியமாக, "எனக்குத் தெரியாது" என்பதை லீட் முதலில் சொல்லட்டும். அவர் சொன்னால் விலை குறையும். கடைசியில் இருப்பவரை முதலில் சொல்லவைத்தால் விலை ஏறும்.

இரண்டாவது, வேலையை மதிப்பிடுவது. ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று குழு கணிக்க, சீட்டு விளையாட்டுப் போன்ற ஒரு முறையை ஜேம்ஸ் கிரென்னிங் 2002இல் முன்வைத்தார். எல்லோரும் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்து ஒரே நேரத்தில் சீட்டைத் திருப்ப வேண்டும். மிக அதிகமாகச் சொன்னவரும் மிகக் குறைவாகச் சொன்னவரும் காரணம் சொல்ல வேண்டும். ஒரே நேரத்தில் திருப்புவதில்தான் முழு சூட்சுமமும் இருக்கிறது. மூத்தவர் சொன்ன எண்ணைக் கேட்டு மற்றவர்கள் மாற்றிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்தார்கள். நம் குழுக்களில் நடப்பது என்ன? லீட் "இது மூணு பாயின்ட்தானே?" என்று கேட்டுவிட்டுச் சீட்டைத் திருப்பச் சொல்வார். எல்லாச் சீட்டிலும் மூன்று. "முடியாது" என்ற வாக்கியம் அங்கேயே செத்துவிடுகிறது. பிறகு சனிக்கிழமையும் வேலை. லீட் கடைசியில் பேச வேண்டும் என்ற ஒரே ஒரு விதி இதை மாற்றும். 'எட்டு' என்று போட்டவர் பேசும்போது யாரும் குறுக்கே பேசக்கூடாது. இந்தப் புள்ளிகளை அப்ரைசலுக்குப் பயன்படுத்தக்கூடாது. பயன்படுத்தினால் எல்லோரும் பொய் சொல்வார்கள், பொய் சொல்லும் தைரியம் இல்லாதவர் மட்டும் மாட்டிக்கொள்வார்.

மூன்றாவது, யாருக்கு எந்த வேலை. இதில்தான் அதிகம் நிற்க வேண்டும். அஜைலில் வேலையை உறுப்பினர்களே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பார்கள். நடைமுறையில் புதிய மாட்யூல், வாடிக்கையாளருக்கு டெமோ காட்டுவது போன்ற கண்ணில் படும் வேலைகள் எப்போதும் அதே இரண்டு மூன்று பேருக்குப் போகும். பழைய பிழை திருத்துவது, இரவு சப்போர்ட், திரும்பத் திரும்பச் சோதிப்பது எல்லாம் மிச்சம் இருப்பவர்களுக்கு. ஆண்டு முடிவில் மேனேஜர் சொல்வார்: "நல்லா வேலை செய்றீங்க, ஆனா விசிபிலிட்டி பத்தல." விசிபிலிட்டியைப் பங்கு வைத்தது யார்? இதற்கு மருந்து ஒரு எளிய அட்டவணை. மூன்று மாதத்தில் யார் எத்தனை டெமோ கொடுத்தார்கள், யார் எத்தனை இரவு விழித்தார்கள் என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வாதாடவே வேண்டாம், அட்டவணை பேசும். பிறகு சுழற்சி முறை வையுங்கள்.

கெண்ட் பெக் 1990களில் பிரபலப்படுத்திய ஒரு நடைமுறை உண்டு. இரண்டு பேர் ஒரே கணினி முன் உட்கார்ந்து, ஒரே விசைப்பலகையை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி நிரல் எழுதுவது. அறிவு ஒருவரிடமே தேங்காமல் பரவுவதற்கு இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே பொருளைத் தொட்டு, தெரிந்ததைச் சொல்லிக்கொடுப்பது நம் சமூகத்தில் எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் யாரோடு யார் உட்காருவது என்பதை விருப்பத்துக்கு விட்டால், மதிய உணவு மேசையில் உருவான ஜோடிகளே இங்கேயும் உருவாகும். அந்த மேசையில் யார் டப்பாவைத் திறந்தால் யார் எழுந்து போகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் ஜோடியும் சுழல வேண்டும். இதோடு இன்னொரு விதி: டீக்கடையில் எடுத்த முடிவு முடிவல்ல. எல்லோரும் பார்க்கும் பலகைக்கு வந்தால்தான் அது முடிவு.

நான்காவது, கோட் ரிவ்யூ. ஒருவருடைய நிரல் ஒரு மணி நேரத்தில் ஒப்புதல் பெறுகிறது, இன்னொருவருடையது மூன்று நாள் காத்திருக்கிறது. ஒருவருக்கு "நல்லா இருக்கு", இன்னொருவருக்கு இருபது கமென்ட், அதில் பாதி அவருடைய ஆங்கிலத்தைப் பற்றி. இடைவெளி, அடைப்புக்குறி போன்ற சில்லறை விஷயங்களைத் திருத்தும் வேலையைக் கருவிகளிடம் விட்டுவிடலாம். ஒவ்வொரு கமென்ட்டும் ஒரு காரணத்தோடு வர வேண்டும் என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். காத்திருக்கும் நேரத்தைக் கணக்கெடுக்கலாம். அந்தத் தேதிகள் எல்லாம் கணினியிலேயே இருக்கின்றன.

ஐந்தாவது, ரெட்ரோ. குழு தன்னைத்தானே பரிசீலிக்கும் கூட்டம். "எல்லாரும் வெளிப்படையா பேசுங்க" என்று மேனேஜர் சொன்னால் வெளிப்படை வந்துவிடாது. முதல் பத்து நிமிடம் எல்லோரும் அமைதியாகச் சீட்டில் எழுதட்டும். தமிழிலும் எழுதலாம் என்று சொல்லுங்கள், எத்தனை பேர் அன்றுதான் முதல் முறையாகப் 'பேசுகிறார்கள்' என்று பாருங்கள். சீட்டுகளைக் கலைத்து வேறொருவர் படிக்கட்டும். அப்ரைசல் போடுகிறவர் அறையில் இருக்க வேண்டாம். ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, பொறுப்பாளரையும் தேதியையும் குறியுங்கள். அடுத்த ரெட்ரோவை அந்தக் குறிப்பைப் படித்துத் தொடங்குங்கள். செய்யாத தீர்மானங்களைச் சேர்த்துக்கொண்டே போகிற குழுவில் மக்கள் பேசுவதை நிறுத்திவிடுவார்கள்.

ரெட்ரோவுக்கு நார்மன் கெர்த் ஒரு முதன்மை நெறியை எழுதினார். அன்றைக்குத் தெரிந்ததையும் கிடைத்ததையும் வைத்து ஒவ்வொருவரும் தங்களால் இயன்ற அளவு சிறப்பாகவே செய்தார்கள் என்று நம்பித் தொடங்குவோம் என்பது அதன் கருத்து. பழி தேடாமல் இருக்க இது நல்ல நெறி. ஆனால் சாதியைப் பற்றிப் பேச்சு வந்தால் இதையே கேடயமாகப் பிடிப்பார்கள்: "இங்க யாரும் வேணும்னு செய்யலையே." வேண்டுமென்று செய்யாமலே ஒருவரை ஒதுக்கிவைக்க முடியும் என்பதுதான் சாதியின் பலம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாதி இழிவுக்கு ஆளானவரை அதே குழுவின் நடுவில் நிறுத்தி "பகிர்ந்துகொள்ளுங்கள்" என்று கேட்பது கொடுமை. அது ரெட்ரோவுக்குரிய விஷயமல்ல, புகாருக்கும் நீதிக்கும் உரிய விஷயம்.

அந்த டெஸ்டர் தோழரின் கதை பாதியில் நிற்கிறது. காரணம் தேடும் கூட்டத்தை நடத்த வேறு குழுவிலிருந்து ஒருவரை அழைத்திருந்தார்கள். அவர் "யார்?" என்று கேட்கவில்லை. டிக்கெட்டின் வரலாற்றைத் திறந்து, தேதிவாரியாகத் திரையில் போட்டார். மூன்று எச்சரிக்கைகள், மூன்று தேதிகள், பதில் இல்லாத மூன்று இடங்கள். அறை அமைதியானது. அன்று அந்தக் குழு ஒரு விதி எழுதியது. டெஸ்டர் 'நிறுத்து' என்று குறித்தால், லீட் அல்லாத இரண்டு பேர் எழுத்தில் பதில் சொல்லும்வரை ரிலீஸ் போகாது. டொயோட்டாவின் கயிறு ஒருவழியாக ஓ.எம்.ஆருக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பெண் இப்போது வேறு நிறுவனத்தில் இருக்கிறார். அந்த விதி இன்னும் அங்கே இருக்கிறது என்று சொன்னார்கள்.

எச்சரிக்கையாக இரண்டு விஷயங்கள். அஜைலை ஊழியரைப் பிழியவும் பயன்படுத்தலாம், பயன்படுத்துகிறார்கள். தினசரிக் கணக்கு, வேக வரைபடம், இரண்டு வாரத்துக்கு ஒரு கெடு. அறிக்கையில் கையெழுத்திட்ட 17 பேரில் ஒருவரான டேவ் தாமஸே 2014இல் 'அஜைல் செத்துவிட்டது' என்று எழுதினார். அந்தச் சொல் விற்பனைச் சரக்காகிவிட்டது என்பதே அவருடைய ஆதங்கம். ஆகவே 'மேம்பாடு' என்று யாராவது சொன்னால், யாருக்கு மேம்பாடு என்று கேளுங்கள்.

அடுத்து, ரெட்ரோ நடத்திச் சாதியை ஒழிக்க முடியாது. பாலியல் துன்புறுத்தலுக்கு எதிராக 2013ஆம் ஆண்டுச் சட்டம் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் உள்ளகக் குழுவைக் கட்டாயமாக்கியது. சாதிப் பாகுபாட்டுக்கு அப்படியொரு குழு தனியார் நிறுவனங்களில் சட்டப்படி கட்டாயமில்லை. தனியார் துறையில் இட ஒதுக்கீடும் இல்லை. அமெரிக்காவில் சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டுக்குத் தடை விதித்தது. கலிபோர்னியாவில் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை அதே ஆண்டு அக்டோபரில் ஆளுநர் நிராகரித்தார். போராட்டம் அங்கே அந்த நிலையில் இருக்கிறது. ஐ.டி. ஊழியர்கள் சங்கம் அமைக்கத் தடையில்லை என்று தமிழ்நாடு அரசு 2016இலேயே தெளிவுபடுத்திவிட்டது. சங்கத்தில் சேருங்கள். நடத்தை விதிகளில் 'சாதி' என்ற சொல்லை எழுதச் சொல்லிக் கேளுங்கள். அந்தச் சொல் எழுத்தில் இல்லாத இடத்தில் புகாரைப் பதிவு செய்யவே இடமிருக்காது.

ஆனால் சட்டம் வரும்வரையும், வந்த பிறகும், தினமும் காலை அந்தப் பதினைந்து நிமிடம் இருக்கிறது. அதனால் உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். அடுத்த இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் குழுவில் "தெரியாது", "தவறு", "முடியாது" என்ற மூன்றையும் யார் யார் சொன்னார்கள், சொன்ன பிறகு அவர்களுக்கு என்ன கிடைத்தது, உதவியா கேள்வியா என்று எழுதுங்கள். ஒருமுறைகூடச் சொல்லாதவர்களின் பெயரைத் தனியாக எழுதுங்கள். குழுவில் நீங்கள் கொஞ்சம் பலமான இடத்தில் இருப்பவரானால், அடுத்த ஸ்டேண்ட்-அப்பில் முதல் ஆளாக "எனக்கு இது தெரியல" என்று சொல்லுங்கள். பலவீனமான இடத்தில் இருப்பவரானால் தனியாகச் சொல்ல வேண்டாம், இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்து அந்த நோட்டுகளோடு இதே இடத்தில் கூடுவோம்.